ஏழு கிலோவுக்குள் ஒரு முதுகுப்பை

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள இடைவெளியில் மலேசியா, தாய்லாந்து என்று கிளம்பும் பிள்ளைகளுக்கு இது. மலிவு விமானச் சீட்டுகளில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். மூன்று மணித்தியால வினாத்தாளுக்கு நேரம் பிரிப்பதுபோல அதைப் பிரியுங்கள்: பைக்கு ஒன்றரை, உடுப்புக்கு இரண்டரை, போன் சார்ஜர் வகைக்கு ஒன்று, சவர்க்காரம், மருந்து, கடதாசிகளுக்கு ஒன்று. மிச்சம் ஒரு கிலோவைத் தொடாதீர்கள். திரும்பி வரும்போது அது தானாக நிரம்பிவிடும்.

மூன்று ரீசேட், இரண்டு காற்சட்டை, நான்கு உள்ளாடை, பஸ் ஏசிக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். இரவில் கழுவினால் காலையில் காய்கிற துணியாக இருக்கட்டும். ஜீன்ஸ் ஈரத்தில் காயவே காயாது. துவாய்க்குப் பதில் மெல்லிய சாரம் ஒன்று: துடைக்கலாம், போர்க்கலாம், கட்டில் ஓரத்தில் திரையாகத் தொங்கவிடலாம். மருதமுனைக் கைத்தறிச் சாரம் அழகுதான், ஆனால் தடிப்பானதென்றால் வீட்டில் இருக்கட்டும்.

அடுக்கும்போது பாரமானது முதுகோடு ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வரவேண்டும். துணி அடியில். பாரம் வெளிப்பக்கம் போனால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், இடுப்பு விட்டுப்போகும். மழைக்கு வெளியுறையை நம்பவேண்டாம். முதுகுப்பக்கத்தால் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு பெரிய குப்பைப் பொலித்தீன் பையை விரித்து, அதற்குள் சாமான்களை வைத்து முறுக்கிவிடுங்கள். மார்கழி மழையில் இரவு பஸ்ஸில் கட்டுநாயக்க விமான நிலையம் போகிறவர்களுக்கு இது கட்டாயம்.

பவர் பாங்க் கைப்பையில்தான், அனுப்பும் பையில் கூடாது. எல்லை 100 வாட் மணி. 20,000 எம்ஏஎச் என்றால் ஏறத்தாழ 74. எண் தேய்ந்து வாசிக்க முடியாததைப் பறித்துவிடுவார்கள். திரவம், பசை எல்லாம் 100 மில்லிலீற்றர் போத்தலில், ஒரு லீற்றர் தெளிவான பைக்குள். அம்மா தரும் மாசிச் சம்பலும் அச்சாறும் இந்தக் கணக்கில்தான் சேரும்! மலேசியாவில் நம் சதுர மூன்று முள் பிளக் போகும், தாய்லாந்தில் போகாது; அடப்டர் வேண்டும்.

அதிகம் இடறுவது பெயரில். பெறுபேற்றுச் சான்றிதழில் முதலெழுத்தோடு இருக்கும் பெயரைப் பார்த்து சீட்டு எடுக்காதீர்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயர், எழுத்துக்கு எழுத்து. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். விசா ஒருபுறமிருக்க, இரண்டு நாடுகளுக்கும் வருகைப் படிவத்தைப் போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் போலி.

மருந்தில் பனடோல், பிளாஸ்டர், வயிற்றோட்டம் வந்தால் கரைத்துக் குடிக்க மூன்று ஜீவனி உப்புத்தூள் பக்கற். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்கவேண்டும். பாதி பாதியாகப் போட்டால் உப்பின் அளவு பிழைக்கும்.

மூன்று நாளுக்கு முன்பே கட்டி, கடைத் தராசில் நிறுங்கள். பிறகு முதுகில் போட்டு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஒரு மணித்தியாலம், வெயிலில் நடவுங்கள். தோள் வலித்தால் இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பின் மேல் ஏற்றி இறுக்குங்கள். அதற்குப் பிறகும் வலித்தால் இரண்டாவது காற்சட்டையை வெளியே எடுங்கள்.