நின்றபடி எழுதியவை

ஜூன் 3
உட்கார்ந்தால் அடியில் வலி. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். சிறுநீரில் கிருமி இல்லை, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் ப்ரொஸ்டேட்டுக்கு மறுபடி ஆன்டிபயாட்டிக். இல்லாத கிருமியை எத்தனை தரம் கொல்வது?

ஜூன் 6
ஹட்டனிலிருந்து கண்டி வரை நின்றே போனேன். கினிகத்தேனையில் சீட் காலியானது. கொண்டக்டர் என்னை முறைத்தார்.

இந்த டாக்டரம்மா வேறு மாதிரி. "கொமட்டில் உட்கார்ந்தால் வலி குறையுதா? ராத்திரி வலியால முழிப்பு வருதா?" குறையும்; முழிப்பு வராது. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தாளில் வரைந்து காட்டினார். புடெண்டல் நரம்பு. முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்பின் 2, 3, 4ஆம் நரம்பு வேர்களில் தொடங்கி, இரண்டு தசைநார்களுக்கு நடுவே நுழைந்து, இடுப்புக்குள் இருக்கும் அல்கொக் கால்வாய் என்ற ஒடுங்கிய பாதை வழியாகப் பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் போகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாதை. உட்கார்ந்தால் அழுந்தும், கொமட் சீட்டின் நடுவில் ஓட்டை இருப்பதால் அங்கே தப்பிக்கும். ஸ்கேனை வைத்து இதை உறுதிப்படுத்த முடியாதாம். நான்ட் விதிகள் என்று 2008இல் பிரான்ஸ்காரர்கள் வெளியிட்ட 5 அடையாளங்களை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

ஜூன் 7
நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையும் இதுதான். பார்மசிப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பார்க்கட்டும்.

ஜூன் 11
வாய் வறண்டு ஒட்டுகிறது.

ஜூன் 16
தோட்டத்து ஆட்களின் பேர் பதியும் செக்ரோலை அலமாரி மேல் வைத்து நின்றபடி எழுதுகிறேன். பெரிய கிளாக்கர் "மூலமா?" என்றார். ஆமாம் என்றேன். மூலம் என்றால் வெளியே சொல்லலாம்.

யூடியூப்பில் அடித் தசையை இறுக்கு, இறுக்கு என்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் தலையில் அடித்துக்கொண்டார். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையாம். மூச்சை வயிற்றுக்கு இழுத்து, அடியைத் தளர விட வேண்டுமாம்.

ஜூன் 22
பெரியம்மா எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். கோயிலில், லயத்து வாசலில், கல்யாண வீட்டில். பழக்கம் என்று நினைத்திருந்தோம். இன்றைக்குக் கேட்டேவிட்டேன். "சின்னவன் பொறந்ததிலேர்ந்து. புள்ள பெத்த உடம்பு அப்பிடித்தான்டா." சின்னவனுக்கே இப்போது பிள்ளை இருக்கிறது. மலையில் நின்று கொழுந்து எடுக்கும்போது தெரியாதாம், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால்தானாம். பிரசவத்தில் இந்த நரம்பு இழுபடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஜூன் 23
மழை. பெரியம்மா நினைப்பாகவே இருக்கிறது.

ஜூன் 29
அந்த நரம்பை மரக்க வைக்கும் ஊசிக்குத் திகதி கிடைத்தது, ஜூலை 8. மரத்துப் போய் வலி நின்றால் நான்ட் விதிகளின் ஐந்தாவது அடையாளமும் சரி. பெரியம்மாவும் வருகிறாராம், எனக்குத் துணைக்கு. அவருக்கும் ஒரு கிளினிக் கொப்பி போட வேண்டும். பொம்பள டாக்டர்தானே என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.