ஜிம்மி ஹோகனும் மேலே பறந்த பந்தும்

1900-களின் தொடக்கம். இங்கிலாந்தின் பர்ன்லி கால்பந்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ஜிம்மி ஹோகன் கோலை நோக்கி அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. கால் வைத்த இடம் தப்பா, உடம்பு சாய்ந்துவிட்டதா என்று மேனேஜரிடம் கேட்டார். அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்கிற ரீதியில் பதில் வந்தது. அதன்பிறகு காரணத்தைத் தானே தேட ஆரம்பித்தார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. ஊன்று கால் பந்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் உடம்பு மல்லாந்து சாயும், பாதம் பந்தின் அடியில் படும், பந்து ஏறிவிடும். ஊன்று காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, அடிக்கும் முட்டியைப் பந்துக்கு நேர் மேலே கொண்டுவந்தால் தாழ்வாகப் போகும். பந்தை அடக்குவதும் இப்படித்தான்: காலை விறைப்பாக நீட்டினால் சுவரில் பட்டதுபோல் தெறிக்கும், பந்து தொடும் நொடியில் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் காலடியிலேயே படுத்துவிடும்.

அன்றைய இங்கிலாந்து கிளப்புகளில் வாரம் முழுக்க ஓட்டம்தான். பந்தைக் கண்ணில் காட்டாமல் இருந்தால் சனிக்கிழமை ஆட்டத்தில் பந்துப் பசியோடு ஆடுவார்களாம். என்ன கணக்கோ!

பிறகு போல்டன் என்ற இன்னொரு இங்கிலாந்து அணியோடு ஹோகன் ஹாலந்து போனபோது அங்கிருந்த டோர்ட்ரெக்ட் அணியை 10-0 என்று வென்றார்கள். அந்தத் தோற்ற அணிக்கே 1910-இல் பயிற்சியாளராகப் போனார் ஹோகன். 1912-இல் ஆஸ்திரியக் கால்பந்து நிர்வாகி ஹ்யூகோ மைஸ்ல் அந்நாட்டு ஒலிம்பிக் அணிக்காக வியன்னாவுக்கு அழைத்தார். 1914-இல் போர் வந்ததும் எதிரி நாட்டுக்காரர் என்று அங்கே பிடித்து வைத்தார்கள். பிறகு ஹங்கேரியின் புடாபெஸ்ட், எம்.டி.கே. கிளப். அங்கே ஓர்த், ப்ரவுன் என்ற இரண்டு பதின்வயதுப் பையன்களைப் பூங்காவில் கண்டெடுத்தார். பந்தோடுதான் பயிற்சி, தரையோடு குட்டைப் பாஸ். அவர் கிளம்பிய பிறகும் 1925 வரை எம்.டி.கே.தான் சாம்பியன்.

போர் முடிந்து ஊர் திரும்பி, இங்கிலாந்து கால்பந்து சங்கத்தில் உதவி கேட்டவருக்கு மூன்று ஜோடி காக்கி சாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். 1938-இல் ஆஸ்டன் வில்லா என்ற இங்கிலாந்து கிளப்பை இரண்டாம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏற்றியவரும் இவர்தான்.

1953 நவம்பர் 25, லண்டனின் வெம்ப்ளி மைதானம். ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஆட்டம் முடிந்ததும் ஹங்கேரி சங்கத் தலைவர் ஷான்டோர் பார்ச் தங்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தவர் ஹோகன்தான் என்றார். எழுபத்தோரு வயது ஹோகன் அன்று அதே மைதானத்தின் பார்வையாளர் வரிசையில் இருந்தார், வில்லாவின் இளம் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு.