தோற்றவரிடமும் கேட்க வேண்டும்

பதிவான ஆட்டங்களுக்கு வர்ணனை செய்வது என் வேலை. பெரும்பாலும் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி வியூக விளையாட்டு. ஆட்டத்தின் ரீப்ளேயை, அதாவது ஆட்டம் பதிவான கோப்பை, அனுப்பி "இதைப் போடுங்க" என்று கேட்பவர் பெரும்பாலும் ஜெயித்தவராகத்தான் இருப்பார். அவருக்குச் சம்மதம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோப்புக்குள் இன்னொருவரும் இருக்கிறாரே!

ரீப்ளே வீடியோ அல்ல. இருவரும் கொடுத்த கட்டளைகளின் பதிவு அது. திறந்தால் ஆட்டம் முழுக்க மறுபடி நடக்கும். தோற்றவரின் கேமரா வழியாகவே, அதாவது ஆட்டத்தில் அவர் பார்த்த கோணத்திலேயே, பார்க்கலாம்: எந்த நொடியில் எந்தக் கட்டடம் போட்டார், எந்தப் படையை எந்த ஹாட்கீயில் (சட்டென்று அழைக்க உதவும் விசையில்) வைத்தார், எந்தப் பக்கம் அவர் கண் போகவே இல்லை. கோபத்தில் சாட்டில் அடித்த ஒரு வரிகூட அப்படியே இருக்கும். அடுத்த வாரம் ஒரு போட்டித்தொடரில் இறங்கப்போகிறவருக்கு இது வெளியே போனால் பெரிய இழப்பு. பல மாதம் ஒளித்து வைத்துப் பழகிய திட்டத்தை எதிராளிகள் உட்கார்ந்து படித்துவிடுவார்கள்.

லேடரில், அதாவது கேமின் ஆன்லைன் தரவரிசை ஆட்டங்களில், சில தொழில்முறை வீரர்கள் வெறும் ஐ, எல் எழுத்துகளை வரிசையாக அடுக்கிப் பெயராக வைத்துக்கொள்வார்கள். பார்க்க பார்கோடு மாதிரி இருப்பதால் பார்கோடு என்றே சொல்வோம். அப்படி ஒருவர் தோற்ற ரீப்ளே ஒருமுறை எனக்கு வந்தது. ஹாட்கீ பழக்கத்தைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பெயரைத் தலைப்பில் போட்டால் கூட்டம் அள்ளும். அவரிடம் கேட்டேன். போட்டி முடியும்வரை வேண்டாம் என்றார். சரி என்று நிறுத்தி வைத்தேன். அனுப்பியவருக்கு வருத்தம்தான். ஆனாலும் முகம் மறைத்துப் பழகுகிறவரின் திரையை நான் விலக்க மாட்டேன்.

இதில் கேமை உருவாக்கிய நிறுவனத்தின் அனுமதி, போட்டி அமைப்பாளரின் அனுமதி, வீரரின் சம்மதம் எல்லாம் தனித்தனி. 2015இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கேமில் பிரபல வீரர் ஃபேக்கரின் ஆட்டங்களை, கேமின் பார்வையாளர் வசதி வழியாக, அவரைக் கேட்காமலே ஒருவர் ஒளிபரப்பினார். ஃபேக்கருக்கோ வேறொரு தளத்தோடு ஒளிபரப்பு ஒப்பந்தம் இருந்தது. பெரிய விவாதத்துக்குப் பிறகு அந்தக் கேமின் நிறுவனமான ரயட் அந்த ஸ்ட்ரீமை நிறுத்தச் சொன்னது. வால்வ் நிறுவனம் 2017இல் தன் டோட்டா 2 கேமுக்கு வேறு வழி சொன்னது: கேமுக்குள்ளேயே ஆட்டங்களைப் பார்க்க உதவும் டோட்டாடிவியிலிருந்து யாரும் ஒளிபரப்பலாம், ஆனால் விளம்பரதாரர் கூடாது, அதிகாரபூர்வ ஒளிபரப்பின் வர்ணனையையோ கேமரா வேலையையோ எடுக்கக் கூடாது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஆட்டம் பொதுவில் இருக்கலாம். அதைக் காட்ட இன்னொருவர் போட்ட உழைப்பு அவருடையது.

முடிவை முன்கூட்டியே காட்டிவிடாமல் இருப்பதும் மரியாதைதான். கோப்பின் பெயரில் ஜெயித்தவர் பெயர் இருந்தால் மாற்றிவிடுவேன். மொத்த நேரத்தைக் காட்டும் பட்டையையும் மறைத்துவிடுவேன்.

அப்புறம், கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தோற்றவர்களில் பலர் உடனே சம்மதிக்கிறார்கள். ஒருவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "சாட்ல அடிச்சதை மட்டும் மறைச்சிடுங்க, அன்னைக்கு ரொம்பக் கோபத்துல இருந்தேன்." மறைத்துவிட்டுத்தான் ஒளிபரப்பினேன். தான் எங்கே தடுமாறினார் என்று அவரே எனக்கு விளக்கி எழுதியிருந்தார். அந்த ஆட்டத்தின் வர்ணனையில் உருப்படியாக நான் சொன்னதில் பாதி அவர் சொன்னதுதான்.