1934 இடைத்தேர்தலைத் தேடி கியூ வரை

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இலங்கையின் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையில் பருத்தித்துறைத் தொகுதியின் முதல் பிரதிநிதி யார், எப்படி வந்தார் என்பதுதான் விஷயம். ஜி. ஜி. பொன்னம்பலம், 1934 இடைத்தேர்தலில் வந்தார். இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வீட்டில் இருந்த புத்தகங்களைப் புரட்டினேன். 1931 தேர்தல் பகிஷ்கரிப்புக்குப் பக்கம் பக்கமாக இடம், 1934க்கு அரை வரி.

பகிஷ்கரிப்பின் கதை தெரிந்ததுதான். பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியல் திட்டம் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கிளம்பியது. 1931 மே 4ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட மனுப் போடவில்லை. மற்ற இடங்களில் தேர்தல் நடந்தது. இந்த நான்கு ஆசனங்களும் மூன்று வருடம் காலியாகவே கிடந்தன. 1934இல் இடைத்தேர்தலோடு கதவு திறந்தபோது யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவா, காங்கேசன்துறைக்கு சு. நடேசன், ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறைக்குப் பொன்னம்பலம் என்று நால்வர் உள்ளே போனார்கள். பொன்னம்பலம் 1931இலேயே மன்னார்–முல்லைத்தீவில் நின்று தோற்றவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

தேடலை, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் தொடங்கினேன். சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா நடத்திய ஈழகேசரி, சைவ பரிபாலன சபையின் இந்து ஓர்கன் இரண்டின் பழைய இதழ்களும் அங்கே படமாக இருக்கின்றன. எல்லா இதழும் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு இவ்வளவாவது மிஞ்சியதே என்றுதான் நினைக்க வேண்டும். தேடுபொறியை நம்பினால் ஒன்றும் கிடைக்காது. எழுத்து மங்கிய பக்கம் அதன் கண்ணுக்குத் தெரியாது. இதழ் இதழாகத் திறந்து, தலையங்கத்தையும் கடிதங்களையும் விளம்பரங்களையும் கண்ணால் ஓட்ட வேண்டும். அந்தக் காலத் தேர்தலில் சின்னம் கிடையாது, நிறம்தான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறப் பெட்டியில் வாக்குச்சீட்டைப் போட வேண்டும். இது தெரியாமல் வாசித்தால் பெட்டி நிறத்தைப் பற்றிய பேச்சு எதுவும் பிடிபடாது.

அப்புறம் லண்டனில் உள்ள கியூ. பிரித்தானிய தேசிய ஆவணக்காப்பகம் அங்கேதான். லண்டனில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம்தான், டிஸ்ட்ரிக்ட் லைனில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, அடையாளத்துக்கு ஒன்றும் முகவரிக்கு ஒன்றுமாக இரண்டு அத்தாட்சி கொண்டு போக வேண்டும். நான் கடவுச்சீட்டும் வங்கிக் கடிதமும் கொண்டு போனேன். பேனா உள்ளே போகாது, பென்சில் மட்டும். அழிறப்பருக்கும் தடை. கைப்பையைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, வேண்டியதை ஒரு கண்ணாடிப் பையில் போட்டு எடுத்துப் போகலாம். படம் எடுக்கக் காசு இல்லை, ஃபிளாஷ் மட்டும் கூடாது.

இலங்கைக்கு மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சி.ஓ. என்பது குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் (Colonial Office) சுருக்கம். தேசாதிபதியின் கடிதப் போக்குவரத்து சி.ஓ. 54. சபை ஆவணங்கள் சி.ஓ. 57. அரச வர்த்தமானி (அரசிதழ்) சி.ஓ. 58. நான் ஆசைப்பட்டு முதலில் கேட்டது 54. தாள்களின் மூலையில் துளை போட்டுச் சின்னக் கயிற்றால் கோத்திருப்பார்கள். அதை அவிழ்க்கக் கூடாது. ஒரு கையால் தாளை மெல்லத் தூக்கிப் பிடித்து, மறு கையால் படம் எடுக்க வேண்டும். மேல் தாள்களில் லண்டன் அதிகாரிகளின் கைக்குறிப்புகள், கீழே கொழும்பிலிருந்து வந்த கடிதம். கையெழுத்து சில இடங்களில் கொடுமை. ஒரு சுருக்கொப்பம் யாருடையது என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும்.

ஆனால் அங்கே கிடைப்பது மேசைக்குப் பின்னால் இருந்தவர்களின் பார்வை. பருத்தித்துறை இருக்கும் வடமராட்சியில் யார் எந்தச் சந்தியில் கூட்டம் போட்டார்கள், யார் யாரை ஏசினார்கள் என்பதற்குத் திரும்பவும் ஈழகேசரியிடம்தான் வர வேண்டும். பெயர், திகதி, எண்ணிக்கை என்றால் வர்த்தமானி. மற்ற இரண்டும் தராத உறுதியை அது தரும். வாக்கு எண்ணிக்கை இரண்டு நூல்களில் இரண்டு விதமாக இருந்தபடியால், வர்த்தமானியில் பார்க்காத எதையும் கட்டுரையில் போடவில்லை.

இந்த அலைச்சலில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று. 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது, 21 வயது வந்த ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எங்கள் நான்கு தொகுதிகளில் அந்த வாக்கைப் போட அந்த வருடம் பெட்டியே வைக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்களுக்கு அரசாங்க சபைக்கு வாக்களிக்கும் முதல் வாய்ப்பு 1934 இடைத்தேர்தல்தான். சுயராச்சியம் கேட்டவர்கள் ஒதுங்க, சபையில் பாதி ஆசனம் சிறுபான்மையினருக்கு என்று ஐம்பதுக்கு ஐம்பது கேட்கப்போகிற பொன்னம்பலம் உள்ளே வந்ததும் அதே தேர்தலில்தான். இதற்கு அரை வரி போதாது என்பது என் கட்சி. மலர்க்குழுவோடு கொஞ்சம் இழுபறிப்பட்டு, ஒரு பக்கத்தை மூன்றாக்கிக்கொண்டேன்.

கியூவுக்குப் போக நினைப்பவர்கள் ஆவணங்களை முன்கூட்டியே இணையத்தில் கேட்டு வைத்துவிடுங்கள், போனதும் மேசைக்கு வந்துவிடும். ஞாயிறும் திங்களும் போகவேண்டாம், பூட்டியிருக்கும்.