பி.டி. டீச்சரின் கடைசி பீரியட்

நம் கோத்தகிரிப் பள்ளியைப் பற்றி இந்தப் பழைய மாணவர் மலரில் எழுதுகிறவர்கள் ஆண்டுவிழாவையும், விளையாட்டுப் போட்டியையும், மதிய மணி அடித்ததும் பஜ்ஜிக் கடைக்கு ஓடியதையும் எழுதுவார்கள். நான் வியாழக்கிழமை கடைசி பீரியடில் நடந்த யோகா வகுப்பைப் பற்றி எழுத விரும்புகிறேன். டொரண்டோவில் இத்தனை காலம் நிமிர்ந்து நடக்க எனக்குத் தெம்பு தந்தது எது என்று கேட்டால், அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

என்னோடு படித்தவர்களுக்கு நான் யார் வீட்டுப் பெண் என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தக் கணக்கில் அடங்கியவர்கள் என் தாத்தாவும் பாட்டியும். தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அம்மா அதில் கொழுந்து எடுத்தார். நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

பள்ளியில் எங்களுக்கு 'சிலோன்காரங்க' என்று பெயர். சொன்ன எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. படகர், கோத்தர், மலையாளிகள், கீழ்நாட்டிலிருந்து கடை வைக்க வந்தவர்கள் என்று கோத்தகிரியில் எல்லோருக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஆனால் எங்கள் பெயரில் மட்டும் 'நீங்க இந்த ஊர் இல்லையே' என்ற ஓசை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பதில் தெரிந்தாலும் நான் கை தூக்கமாட்டேன். வருகைப் பதிவில் என் பெயர் வந்தால் 'உள்ளேன் டீச்சர்' சொல்லும் குரல் எனக்கே கேட்காது.

அந்த வருடம்தான் பி.டி. டீச்சர் எங்கள் வகுப்புக்கு வந்தார். பக்கத்து ஹட்டியைச் (படகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) சேர்ந்த படகர். தினமும் நடந்தே வருவார். பி.டி. பீரியட் என்றால் த்ரோபால் என்று பழகியிருந்த எங்களை வியாழக்கிழமை மட்டும் பழைய கட்டட வராந்தாவுக்கு யோகா செய்யக் கூட்டிப்போனார். ஜூன் 21-ஐ யோகா தினமாக ஐ.நா. அறிவித்தது 2014-இல். டீச்சர் தொடங்கியது அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பு. அவரை யாரும் கேட்கவில்லை, எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

மழையும் பனியும் மாறி மாறி வரும் ஊரில் மைதானம் எப்போதும் ஈரம். வராந்தாவின் சிமெண்டுத் தரையோ ஜனவரி மாதத்தில் காலை வைக்க முடியாத குளிர். ஆளுக்கொரு விரிப்பு கொண்டுவரச் சொன்னார். சிலர் ஜமுக்காளம் கொண்டுவந்தார்கள், சிலர் பழைய கம்பளி. எங்கள் வீட்டில் இருந்தது அம்மாவின் படங்கு. கொழுந்து எடுக்கும்போது செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாக்குத் துணி. தேயிலைக் கறை ஏறிக் கறுத்துப்போனது. அதை விரிக்க மனமில்லாமல் மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தூண் ஓரமாக நின்றேன். டீச்சர் வந்து வாங்கிப் பார்த்தார். "நல்ல தடிப்பா இருக்கே கண்ணு, முட்டிக்கு இதுதான் நல்லது" என்று சொல்லி, அதை முன்வரிசையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தே வஜ்ராசனம் செய்து காட்டினார். அடுத்த வாரத்திலிருந்து படகர் வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் தோட்டத்துப் படங்கைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். டீச்சர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூட உபதேசமாகச் சொல்லவில்லை. எனக்கு இரக்கம் காட்டாமல் மரியாதை காட்டிய முதல் ஆசிரியர் அவர்.

அவருடைய வகுப்பில் ஒரே சட்டம்: ஆசனம் பிடிபட்டதும் கண்ணை மூடிவிட வேண்டும். விருட்சாசனம் மாதிரி ஒற்றைக் காலில் நிற்கும்போது மட்டும் எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம். "பக்கத்துல இருக்கறவ எவ்வளவு வளையறான்னு உனக்கு எதுக்கும்மா? உன் முதுகு எங்க இழுக்குதுன்னு பாரு." பச்சிமோத்தாசனத்தில் என் விரல் கால் கட்டை விரலைத் தொட்டதே இல்லை. அது தோல்வியாகத் தோன்றாத ஓர் இடம் பள்ளிக்கூடத்தில் இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. மற்ற எல்லா பீரியடிலும் ரேங்க் உண்டு.

மூச்சுக்குத்தான் அவர் அதிக நேரம் ஒதுக்குவார். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கடற்கரை ஊரைவிட அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு, ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். மேட்டில் ஏறி ஓடிவந்த எங்களை உட்காரவைத்து, இடது மணிக்கட்டில் வலது கை விரல்களை வைத்து நாடி பார்க்கச் சொல்வார். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைகிறது, விடும்போது கொஞ்சம் நிதானிக்கிறது. நாங்களே விரல் நுனியில் கண்டுபிடித்தோம். அப்புறம்தான் சொல்வார்: "பயமா இருந்தா விடற மூச்சை நீளமாக்கு." மூச்சை இழுக்கும் பூரகம் 16, அடக்கும் கும்பகம் 64, விடும் ரேசகம் 32 மாத்திரை நேரம் என்று திருமூலர் சொன்ன கணக்கையும் சொல்லிக்கொடுத்தார். ஆனால் மூச்சை அடக்கும் வேலை குருவின் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது, பிள்ளைகள் முயலக்கூடாது என்று கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். பின்னாளில் நர்சிங் படித்து, இளவயது நோயாளிகளின் இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்தபோது அதே விரைவும் நிதானமும் கோடுகளாக ஓடின. இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை என்று பாடத்தில் படித்தேன். டீச்சர் அதை எங்கள் விரலுக்கே காட்டியிருந்தார்.

ஆசனமும் மூச்சும் முடிந்த பிறகு வருவது நோட்டு. டீச்சர் ஊரில் இருந்த மனவளக்கலை மன்றத்துக்குப் போய்வருகிறவர். அந்த மன்றத்தின் யோக முறையை வகுத்த வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் 1911-இல் ஏழை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், அவரும் தறியில் உட்கார்ந்தவர் என்பதை எங்களிடம் அடிக்கடி சொல்வார். கையால் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஏன் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகரிஷி வகுத்த அகத்தாய்வில் ஐந்து பயிற்சிகள் உண்டு: எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியாக நான் யார் என்ற விசாரணை. ஒன்பதாம் வகுப்புக்கு முதல் ஒன்று போதும் என்றார் டீச்சர். ராத்திரி படுப்பதற்கு முன் அன்று மனசில் வந்தவற்றில் நினைவில் நிற்பதை எழுத வேண்டும். யாரிடமும் காட்ட வேண்டாம், அவரிடமும்தான். எழுதியிருக்கிறாயா என்று மட்டும் கேட்பார், திறந்து பார்க்கமாட்டார்.

பள்ளி விட்டு லைனுக்குத் தேயிலை நடுவே நடந்துபோகும் நேரத்தில் வந்த எண்ணங்களை எழுதிப் பழகினேன். சில வாரம் கழித்துப் பழைய பக்கங்களைத் திருப்பியபோது ஒன்று கண்ணில் பட்டது. 'சிலோன்காரி' என்று ஒரு பெண் காலையில் ஒருமுறை சொல்லியிருப்பாள். அதையே அன்று முழுக்க எனக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்தது பக்கம் பக்கமாக இருந்தது. அவள் மறந்து விளையாடப் போய்விட்டாள். நோட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். பாட்டி என்ன என்று கேட்டார், சொல்லத் தெரியவில்லை. அந்தச் சொல் என்னைக் குத்துவது உடனே நின்றுவிடவில்லை. ஆனால் அது எழும்பும்போது, இதோ வருகிறது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. தெரிந்த பிறகு அதன் பின்னால் போகாமல் இருக்க முடிந்தது. பத்தாம் வகுப்பில் கை தூக்கினேன். என் மதிப்பு எனக்குள் கூடியது மற்றவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டதால் அல்ல. அவர்கள் பேச்சு அப்படியே இருக்கும்போதுதான் கூடியது.

லாங்வுட் சோலைக்கு எங்களைக் கூட்டிப்போய், ஆளுக்கொரு மரத்தடியில் பேசாமல் உட்காரவைத்ததையும் சொல்ல வேண்டும். சுற்றுக் கிராமங்களுக்குத் தண்ணீர் தருகிற அந்தக் காட்டில் நாற்பது பெண்பிள்ளைகள் வாய் திறக்காமல் இருந்தது தலைமையாசிரியருக்கே நம்பமுடியவில்லை. இன்னொரு தரம் ஊட்டி பெர்ன்ஹில்லில், கேரளத்தின் நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923-இல் தொடங்கிய குருகுலத்துக்குப் போனோம். பின்னாளில் பாரிசில் கல்வி பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர் இந்த மலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று டீச்சர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை மறக்க முடியாது.

டொரண்டோவுக்கு வந்த புதிதில் என் நர்சிங் பட்டத்துக்கு இங்கே பதிவு கிடைக்கும்வரை முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்த்தேன். என் உச்சரிப்பை வைத்து, நோயாளிகள் முன்னாலேயே என்னைத் திருத்துகிற மேலாளர் ஒருவர் இருந்தார். பேஸ்மென்ட் வீடு, பனிக்காலம், ராத்திரி டியூட்டி. பழைய குரல் புது மொழியில் திரும்பி வந்தது. அப்போதுதான் டீச்சர் பிளஸ் டூவில் சொல்லிக்கொடுத்த கவலை ஒழித்தலை எடுத்தேன். கவலைகளை மகரிஷி நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினேன். அந்த மேலாளரின் தொனி அலட்சியம் செய்ய வேண்டியது. ஆனால் சில மருந்துப் பெயர்களை நான் சொன்னது மற்றவர்களுக்குப் புரியவில்லை என்பது உடனே தீர்க்க வேண்டியது. இரண்டும் ஒரே காயமாகத் தெரிந்ததைப் பிரித்துப் போட்டதே பாதி நிம்மதி. சொந்த வீடு தள்ளிப்போட வேண்டியது.

முதல் வகைக்கு என்னிடம் அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா இறந்தபோது வந்தது. நான் விமானம் பிடித்துக் கோவை இறங்கி மலை ஏறுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியம் முடிந்த மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. காபி கொடுத்தார், பக்கத்தில் உட்காரவைத்தார், சேர்ந்து மூச்சு விட்டோம். அமைதி என்றால் துக்கம் இல்லாத நிலை என்று நினைத்திருந்தால் அன்று எனக்கு யோகாவின் மேல் நம்பிக்கையே போயிருக்கும். துக்கம் முழுசாக இருந்தது, அதோடு உட்கார என்னால் முடிந்தது.

இங்கே டொரண்டோவில் யோகா வகுப்புகளுக்குக் குறைவில்லை, நானும் போகிறேன், நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கு முந்திய, தனி ஒழுக்கங்களைச் சொல்கிற நியமத்திலேயே போதும் என்ற மனமாகிய சந்தோஷமும், தன்னைத் தானே படிக்கிற ஸ்வாத்யாயமும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு உடம்பை மட்டும் வளைக்கிற வகுப்புகள் பாதி வகுப்புகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு நர்சாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு நாள்கணக்கில் விடாமல் அழுத்தினால், தூக்கமும் பசியும் போனால் மருத்துவரைப் பாருங்கள். யோகா செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் சர்வாங்காசனம் போலத் தலைகீழாகச் செய்பவற்றைத் தவிர்ப்பதே நல்லது. டீச்சரும் தலைசுற்றல் இருந்த பிள்ளைகளை அதைச் செய்ய விட்டதில்லை.

நம் பழைய மாணவர் சங்கம் இந்த வருடம் பள்ளிக்குக் கணினிகள் வாங்கப் பணம் சேர்க்கிறது. என் பங்கை அனுப்பிவிட்டேன். அடுத்த பொதுக்குழுவில் ஒரு வேண்டுகோள் வைக்கப் போகிறேன்: அந்தப் பழைய வராந்தாவுக்கு மரத் தளமும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருடம் ஒரு கோடு போட்ட நோட்டும். அந்த நோட்டை எந்த ஆசிரியரும் திருத்தக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. உடன்படுகிறவர்கள் முன்கூட்டியே செயலாளரிடம் சொன்னால் நல்லது. டீச்சர் ஓய்வுபெற்று ஹட்டியிலேயே இருக்கிறார். விடுமுறைக்குக் கோத்தகிரி போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். மதியம் தூங்கிவிடுவார், காலையில் போங்கள்.