சீலோவாமில் முகம் கழுவினோம்

எங்கள் தெருவில் இரண்டு பெத்தேல் இல்லங்கள், ஒரு எபெனேசர் ஸ்டோர், முக்கில் ஒரு ரெகொபோத் ஒர்க்‌ஷாப். ஊர்ப் பெயரே நாசரேத். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் வீட்டு வாசலில் பார்த்த வேதாகமப் பெயர்கள் இஸ்ரவேலில் ஊராக எதிரே வரும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. சாலையோரப் பலகையில் பெயெர்செபாவுக்கு அம்புக்குறி போட்டிருந்தது. ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்தி அபிமெலேக்கோடு ஆணையிட்டுக்கொண்ட கிணறு. எபிரெயத்தில் ஏழுக்கும் ஆணைக்கும் வேர் ஒன்றுதானாம். இன்று அங்கே பெரிய பல்கலைக்கழகமே இருக்கிறது.

இந்தப் பயணம் அம்மாவின் பொருத்தனை. என் மகள் பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் புரை. கைக்குழந்தையாக அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன அன்று, பிள்ளைக்குப் பார்வை வந்தால், ஆண்டவர் சொன்னபடி பிறவிக் குருடன் கழுவிப் பார்வையடைந்த எருசலேமின் சீலோவாம் குளத்தில் முகம் கழுவ வைப்பேன் என்று அம்மா ஜெபித்துவிட்டார்கள். பார்வை வந்தது. ஆனால் கையில் பணம் சேரும்போதெல்லாம் வீட்டில் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்து நிற்கும். கடைசியில் பணம் கூடியபோது அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. “ஏட்டி, நான் பொருத்தனை பண்ணினேன், நீ போய்ச் செலுத்திட்டு வா” என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

பெத்லகேமைப் பற்றி நல்லதாக எழுத ஆசைதான். ஆண்டவர் பிறந்த இடத்துக் கோவிலின் வாசல் குனிந்துதான் நுழைய வேண்டிய அளவு சிறியது, தெரியும். குனிந்து நுழைந்தவர்கள் உள்ளே போய் முழங்கையால் இடிக்கிறார்கள். அவர் பிறந்த கெபிக்கு, அதாவது குகைக்கு, இறங்கும் படியில் வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரத்தைத் தொட்டு “ஆண்டவரே” என்று வாய் திறப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு கை தள்ளியது. வெளியே வந்தால் ஒலிவமர ஒட்டகத்தைக் கையில் திணித்துக் காசு கேட்கிறார்கள். எங்கள் டூர்க்காரர்கள் கோவிலுக்குக் கொடுத்த நேரத்தைவிட ஒரு நினைவுப்பொருள் கடைக்குக் கொடுத்த நேரம் அதிகம். பெத் என்றால் வீடு, லெகேம் என்றால் அப்பம். அந்த அப்ப வீட்டிலேயே பஞ்சம் வந்துதான் ரூத்தின் மாமியார் நகோமி மோவாப் தேசத்துக்குப் போனாள். புருஷனையும் பிள்ளைகளையும் புதைத்துவிட்டுத் திரும்பி வந்து, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள் என்றாள். மாரா என்றால் கசப்பு. எனக்கும் அன்று கொஞ்சம் கசப்புதான், மறைப்பானேன்.

எல்லாம் எருசலேமில் தீர்ந்தது.

சீலோவாமுக்கு மேலே சாலை வழியாகவே போகலாம். நனையாமல் நடக்கத் தனியாக ஓர் உலர்ந்த சுரங்கமும் உண்டு. எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் அதில் போனார்கள். மகள் எசேக்கியா ராஜா வெட்டிய தண்ணீர்ச் சுரங்கம்தான் வேண்டும் என்று நின்றாள். அசீரிய ராஜா சனகெரிப் படையோடு வரப்போகிறான் என்று, நகருக்கு வெளியே இருந்த கீகோன் ஊற்றை மலைக்குள்ளேயே 533 மீட்டர் குடைந்து மதிலுக்குள் கொண்டுவந்த வேலை. கி.மு. 701க்கு முந்திய உளிவெட்டு இன்னும் சுவரில் தெரிகிறது. கீகோன் என்றால் பீறிட்டு வருவது. ஊற்றும் அப்படித்தான், விட்டுவிட்டுப் பொங்கும்.

இறங்கியதும் தொடை வரை தண்ணீர். பனிக்கட்டிக் குளிர். தோள் இரண்டு பக்கமும் உரசுகிறது. விளக்கு கிடையாது. என் டார்ச் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிட்டது. எனக்கு இருட்டென்றால் பயம், மூச்சு முட்டியது. திரும்பவும் முடியாது, பின்னால் ஆட்கள். அப்போது மகள் முன்னால் போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, இங்க குனிங்க. இங்க பள்ளம். வலது பக்கமா வாங்க.” கண் கட்டோடு என் மடியில் கிடந்த பிள்ளை எனக்கு வழி பார்த்துச் சொல்கிறாள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீருக்குள் நின்று சத்தமாகவே ஸ்தோத்திரம் சொன்னேன். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

இரண்டு முனையிலிருந்தும் வெட்டி வந்தவர்கள் நடுவில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சேர்ந்தார்கள் என்று சுவரில் ஒரு கல்வெட்டு இருந்தது. 1880இல் கண்டெடுத்து, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அது இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. கண்ணீரில் எதுவும் தெரியவில்லை.

வெளியே வந்தால் சீலோவாம். ஊற்றிலிருந்து அனுப்பப்பட்ட தண்ணீர் என்பதால் வந்த பெயர். அனுப்பப்பட்டவன் என்று யோவான் தம் சுவிசேஷத்திலேயே பொருள் எழுதி வைத்திருக்கிறார். சுற்றியுள்ள அரபுக் குடியிருப்புக்கும் சில்வான் என்றுதான் பெயர். பழைய பெயர் அரபு நாக்கில் அப்படி ஆகிவிட்டது. 2004இல் சாக்கடைக் குழாய் வேலைக்குத் தோண்டும்போது ஆண்டவர் காலத்துக் குளத்தின் படிகள் பக்கத்திலேயே கிடைத்தன. வழிகாட்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டே “பஸ், பஸ்” என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டோம். மகள் இரண்டு கையிலும் அள்ளி முகம் கழுவினாள். நானும் கழுவினேன். அம்மாவுக்காக இன்னொரு தடவை கழுவினேன்.

அப்புறம் கெத்செமனே, கப்பர்நகூம், கானா எல்லாம் போனோம். படம் எடுத்து வைத்திருக்கிறேன், எழுத வரவில்லை. அந்த டாக்டருக்கு நன்றி. ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த அந்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி. சீட்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுத்த பக்கத்து வீட்டு மாமிக்கு நன்றி. ஆண்டவருக்கு எப்படிச் சொல்ல? வரும் ஞாயிறு ஆராதனையில் அம்மாவை நாற்காலியில் கூட்டிப்போய் ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறோம்.