யார் அழைத்தது

"அக்கா, நான் போகட்டுமா?" என்றுதான் கேட்டாள், பினாங்கில் எங்கள் டயாலிசிஸ் மையத்தில் என்னோடு வேலை செய்யும் இளைய தாதி. போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாழ்த்தி அனுப்பியிருப்பேன். போகட்டுமா என்று கேட்டதுதான் இரண்டு ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. அந்தச் சம்பளத்தை ரிங்கிட்டுக்கு மாற்றினால் இங்கே வாங்குவதைப்போல் மூன்று மடங்கு. பட்டர்வொர்த் வீட்டில் முதுகுவலியால் லாரி ஓட்டுவதை விட்டுவிட்ட அப்பா, கல்லூரியில் படிக்கும் தம்பி. இவையெல்லாம் தெரிந்துதான் சொன்னேன்: "இது எல்லாருக்கும் வாய்க்கிற வேலை இல்லை, தங்கச்சி. உனக்கு வாய்த்திருக்கிறது. அந்தத் தாத்தா நீ ஊசி போட்டால்தான் கையை நீட்டுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வாய்?"

அவள் பதில் பேசவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு தாத்தாவிடம் போனாள். சிங்கப்பூருக்குப் போகவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கும் மேலாக ஒரே மனிதரின் பக்கத்தில் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் இரண்டு தடித்த ஊசிகள். தாத்தாவின் கையில் அறுவைசிகிச்சை செய்து இரத்தக் குழாய்களை இணைத்திருந்த இடத்தில் விரலை வைத்தால், உள்ளே வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும். மற்றவர்கள் அது அதிர்கிறதா என்று பார்த்தவுடன் ஊசியை எடுப்பார்கள். இவள் மட்டும் விரலை வைத்தபடியே சற்று நேரம் இருப்பாள். தாத்தாவின் தோள் தளர்ந்த பிறகுதான் ஊசி. இதை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்று, விடியற்காலை மூன்று மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்து நின்றவள் அவள். நான் வரச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் "உனக்கு வாய்த்திருக்கிறது" என்று சொல்வதில் என்ன தவறு?

ஆனால் அந்த மாதம் இரண்டு தாதியர் வேலையை விட்டிருந்தார்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆள் இல்லை. என் மேசையில் பாதி நிரப்பிய பணி அட்டவணை கிடந்தது. நான் பேசியது தாத்தாவுக்காகவா, அவளுக்காகவா, அந்தக் காலிக் கட்டங்களுக்காகவா? அன்று மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒன்றாகத் தெரிந்ததே எனக்கு வசதியாகவும் இருந்தது.

மே 12, தாதியர் தினத்தன்று, 'பணி ஓர் அழைப்பு' என்ற தலைப்பில் பயிற்சித் தாதியரிடம் நான் பேச வேண்டும். அதற்காகப் படிக்கப் போய்த்தான் இவ்வளவும் கிளறிக்கொண்டது. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் நிர்வாக உதவியாளர்கள் 24 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கிறவர்கள். ஆனால் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பிழைப்பாகவும், ஒரு பங்கினர் முன்னேறும் படியாகவும், ஒரு பங்கினர் தமக்கு வந்த அழைப்பாகவும் பார்த்தார்களாம். இதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்துப் படித்தது 2009இல் வந்த ஆய்வு, மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றியது. விலங்குகளைக் காப்பதைத் தம் பிறவிக்கடன்போல் எண்ணியவர்கள் அந்த வேலையில் ஆழமான நிறைவு கண்டார்கள். அதற்காகவே குறைந்த சம்பளத்தையும் ஓய்வின் இழப்பையும் ஏற்றுக்கொள்ளவும் துணிந்தார்கள். அப்படிப்பட்டவர்களை நிர்வாகம் சுரண்டுவது எளிது என்பதும் அதில் இருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1837இல், 16 வயதில், இறைவன் தன்னை அழைத்ததாக எழுதி வைத்தார். வீட்டில் எதிர்ப்பு. பொறுப்பான தாதிப் பணி ஒன்று கையில் வர 1853 ஆனது. போகாதே என்று சொன்ன வீட்டை மீறிப் போனவர் அவர். என் தங்கச்சிக்கு நடந்ததோ நேர்மாறு. இரு என்று நான்தான் சொன்னேன்.

தமிழில் அழைப்பு என்றால் அழைக்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். என்னை அழைத்தது வானம் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம், மூன்றாம் கட்டிலில் இருந்த ஓர் அம்மா, "மிஸ்ஸி, ஒன்றும் செய்ய வேண்டாம், இங்கே வந்து கொஞ்சம் நில்" என்றார். நின்றேன். 22 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே மனிதர் வழியாகத்தான் அழைப்பு வருகிறது என்று இன்றும் நம்புகிறேன். அந்த அம்மாவுக்கு என்னிடம் வேறு தேவை இருக்கவில்லை, பயம் ஒன்றுதான். எனக்கு அட்டவணை இருந்தது. ஆனால் தாத்தாவுக்கும் அதே பயம் இருந்ததே, அதை நான் கற்பனை செய்யவில்லையே என்று மறுபடியும் தொடங்கிவிடுகிறேன்.

அவள் இருக்க முடிவு செய்த நான்காம் மாதம் தாத்தா இறந்துபோனார். தம்பி படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். அவள் இன்னும் விரலை வைத்தபடி காத்திருந்துதான் ஊசி போடுகிறாள், இப்போது வேறொரு பாட்டிக்கு.

போன மாதம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எதையோ எழுதிக்கொண்டே, "நீங்கள் சொன்னதால்தான் இருந்தேன், அக்கா" என்றாள். நன்றியா, குற்றச்சாட்டா? முகத்தைப் பார்ப்பதற்குள் ஏழாம் இயந்திரம் அலறியது, ஓடிவிட்டாள். மறுநாள் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் எங்கள் இருவருக்கும் வெவ்வேறு ஷிஃப்ட். அட்டவணை போடுகிறவள் நான்தான்.